என் பெயரைப் போடாத பத்திரிகைகள்

அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அந்தப் பக்கத்தை மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். நான் எதிரில் நின்றுகொண்டிருந்தேன். உட்காரச் சொல்லவில்லை.

மே மாதத்து மத்தியானம். மலைக்கோட்டைப் பாறை காலையிலிருந்து குடித்த வெயிலையெல்லாம் எங்கள் தெருவுக்குள் கக்கிக்கொண்டிருந்தது. மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. வழவழப்பான தாளில் அப்பாவின் கட்டைவிரல் வியர்வை ரேகையோடு பதிந்திருந்தது.

அது பம்பாயில் அச்சான ஓர் ஆங்கில இசைப் பத்திரிகை. அதில் என்னைப் பற்றி ஐந்தாறு வரி வந்திருந்தது. என் பெயர் வரவில்லை.

என்ன எழுதியிருந்தார்கள் என்று சொல்வதற்கு முன்னால், திண்டுக்கல்லில் ஒரு சந்துக்குள் இருந்த நான் பம்பாய்ப் பத்திரிகை வரைக்கும் எதற்குப் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் சுற்றும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா வைத்த கெடு

தொண்ணூறுகளின் நடுவில் நான் கல்லூரியை முடித்துவிட்டு ஜெயசீலன் அண்ணனின் மெல்லிசைக் குழுவில் பாடிக்கொண்டிருந்தேன். போன வாரம் வடமதுரைப் பக்கம் மேடை சரிந்த கதையை எழுதியிருந்தேன் அல்லவா, அதே குழுதான். மாதா கோயில் திருவிழா, மாரியம்மன் கோயில் திருவிழா, காது குத்து என்று யார் கூப்பிட்டாலும் போவோம். அண்ணன் கீபோர்டு வாசிப்பார். குழுவின் முதலாளியும் அவரே.

அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியர். பெண் மேடையில் பாடுவதை அவர் அசிங்கம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவர் கேட்டது வேறு.

"இது ஒரு தொழிலாம்மா? நாளைக்கு ஒருத்தன் வந்து உம் மக என்ன பண்றான்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

"பாடகின்னு சொல்லுங்க."

"யாரு சொன்னா நீ பாடகின்னு? ஜெயசீலன் சொன்னானா?"

"நோட்டீஸ்ல போட்டிருக்குல்லப்பா."

"நோட்டீசு அவன் காசு குடுத்து அடிக்கிறது. கேட்டா என்னையக்கூட பாகவதர்னு போடுவான். ஒரு பத்திரிகைக்காரன், காசு வாங்காம, உன்னைய மதிச்சு, உம் பேரப் போட்டு, இந்தப் பொண்ணு நல்லாப் பாடுதுன்னு எழுதட்டும். அப்புறம் நான் வாயத் தொறக்க மாட்டேன். பள்ளிக்கூடம் தொறக்குறதுக்குள்ள வரணும். வரலைன்னா டீச்சர் ட்ரெயினிங்."

அச்சில் வந்ததை அவர் அப்படி நம்பினார். தூறல் விழுந்துகொண்டிருக்கும்போதே, "மழை இல்லைன்னு பேப்பர்ல போட்டிருக்கான்" என்று குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போய் நனைந்து வந்தவர். தும்மிக்கொண்டே மறுநாள் அதே பேப்பரைப் பிரித்தார்.

எனக்கு மேடை வேண்டும். அதற்கு அச்சில் பெயர் வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

காதர் பாய் கடையில்

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் காதர் பாயின் பழைய புத்தகக் கடை. உள்ளே போனால் எலிப்புழுக்கை நாற்றமும், அடுத்த கடை பிரியாணியின் தாளிப்பு வாசனையும் சேர்ந்து அடிக்கும். இந்த நாட்டில் ஒரு ஏழைப்பட்டவள் கைக்கு எட்டுகிற அத்தனை இசைப் பத்திரிகைகளையும் நான் அங்கே நின்றுகொண்டே படித்தேன். எனக்கு ஒரே கேள்விதான். இதில் யார் என் பெயரைப் போடுவான்?

முதலில் பாட்டுப் புத்தகங்கள். பஸ்ஸில் விற்பார்களே, மட்டத் தாளில் பின் அடித்தது. அட்டையில் கதாநாயகன். உள்ளே படத்தின் பெயர், இசையமைத்தவர் பெயர், எழுதியவர் பெயர். பாடியவர் பெயர் பல புத்தகங்களில் இருக்காது. தொண்டையைக் கிழித்துப் பாடியவளுக்கே இடமில்லாத புத்தகத்தில், அவள் பாட்டைத் திருப்பிப் பாடுகிறவளுக்கு எங்கே இடம்?

அடுத்து சினிமா வாரப் பத்திரிகைகள். இசைக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருப்பார்கள். எந்த இசையமைப்பாளர் என்ன கார் வாங்கினார், யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதுதான் அவர்களுக்கு இசை. பாடகிகளுக்குக் கல்யாணம் ஆனால் படம் போடுவார்கள்.

பிறகு சென்னையிலிருந்து வரும் சங்கீத மாத இதழ். அதைத் தொட்டாலே சந்தன வாசனை வருவது போல இருக்கும். மார்கழி வந்தால் தடித்துவிடும். யார் எந்த ராகத்தை எத்தனை நேரம் பாடினார், என்ன புடவை, யார் தலை ஆட்டினார், எல்லாம் எழுதுவார்கள். கேண்டீன் அடை, அவியலுக்கு முழுப் பக்கம் உண்டு. பின்னால் உட்கார்ந்து தம்புரா போட்ட பெண்ணுக்கு அரை வரி கிடையாது. தாம்பரத்துக்குத் தெற்கே மனிதர்கள் பாடுகிறார்கள் என்பதே அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் மைக் செட், ஜிகினாத் துணி, லைட் மியூசிக் என்றால் மூக்கைப் பிடித்துக்கொள்கிறவர்கள்.

எங்கள் மாதா கோயிலில் கொடுக்கும் சிற்றிதழையும் விடவில்லை. திருவிழாச் செய்தியில் சாமியாரின் பட்டங்கள் அத்தனையும் வரும். சீரியல் பல்புக்குக் காசு கொடுத்தவர் பெயர் தகப்பன் பெயரோடு வரும். கடைசியில் "பாடகர் குழுவினர் இனிமையாகப் பாடினர்." நான் பாவாடை கட்டிய வயதிலிருந்து அந்தக் குழுவினரில் ஒருத்தி. அந்த 'னர்'ருக்குள் எங்கேயோ இருந்தேன்.

வெளிநாட்டுப் பத்திரிகைகள் எடைக்கு வரும். லண்டன்காரனுக்கு அட்டையில் ஒரு சிடி ஒட்டிக் கொடுப்பார்கள். நம் கைக்கு வரும்போது சிடி இருக்காது, பசைத் தடம் மட்டும் இருக்கும். கேட்கவே முடியாத பாட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு குரல் எந்த இடத்தில் தயங்குகிறது, எங்கே உடைகிறது என்று அதில்தான் எழுதியிருந்தார்கள். குரலைப் பற்றி அப்படி எழுதலாம் என்பதே எனக்கு அங்கேதான் தெரிந்தது. தமிழில் அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் "தேன் குரல்" ஒன்றுதான். குயில், தேன், மறுபடி குயில்.

கடைசியாக அந்தப் பம்பாய்க்காரன். நீள முடி வைத்த பையன்கள், கிட்டார், ஆளுயர ஸ்பீக்கர் விளம்பரம். எல்லாம் டெல்லி, பம்பாய், பெங்களூர் பணக்கார வீட்டுப் பிள்ளைகள். எனக்கும் அவர்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் கடைசிப் பக்கத்தில் ஒரு பகுதி இருந்தது. ஊர் பேர் தெரியாதவர்கள் கேசட் அனுப்பலாம். கேட்டுவிட்டு எழுதுவார்கள். ஒரு இதழில் எங்கேயோ மலை ஊரில் இருக்கும் ஒரு பெண்ணைப் பற்றி இரண்டு பத்தி. அவள் பெயர் தடித்த எழுத்தில்.

அந்தப் பெயரை விரலால் தடவிப் பார்த்தேன்.

"என்னம்மா, பாட்டுப் புஸ்தகமா பொரட்டித் தள்ளுறே, பரீச்சையா?" என்றார் காதர் பாய்.

"எதுல பாய் நம்ம பேரப் போடுவாங்க?"

"பேரு போடணும்னா கட்சியில சேரணும்மா. மைக்கு முன்னாடி ரெண்டு நாளு நின்னாப் போதும், போட்டோவே போடுவான்" என்று சொல்லிவிட்டு, அந்த இதழை மட்டும் தனியாக எடுத்துக் கட்டிக் கொடுத்தார். "இத எடுத்துக்க. இங்க இங்கிலீசு பாட்டுப் பத்திரிகை படிக்கிறது நீயும் கரையானுந்தான்."

கேசட்டு மாதிரியே

எங்கள் தொழில் எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மெல்லிசைக் குழுவில் ஒரே ஒரு பாராட்டுதான் உண்டு. "கேசட்டு மாதிரியே இருந்துச்சு." அதைக் கேட்பதற்காகத்தான் உயிரை விடுவோம்.

கேசட்டில் ஒரு வரி ஓட விடுவார் அண்ணன். நிறுத்துவார். அதே வரியை நான் பாட வேண்டும். மறுபடி கேசட், மறுபடி நான். அந்தப் பாடகி எங்கே மூச்சு எடுக்கிறாரோ அங்கேதான் நானும் எடுக்க வேண்டும். ஒரு சொல்லில் அவர் லேசாகச் சறுக்கியிருந்தால் நானும் அதே அளவு சறுக்க வேண்டும். சரியாகப் பாடினால் திட்டு விழும்.

"ஏத்தா, அங்க அவங்க பிசிறடிக்கிறாங்கல்ல? நீ என்ன சுத்தமாப் பாடுறே? காசு வாங்கல?"

ஒரு முறை தொப்பம்பட்டிப் பக்கம் கோயில் கச்சேரி. பாதிப் பாட்டில் பெரியவர் ஒருவர் மேடைக்குப் பின்பக்கமாக ஏறிவிட்டார். கீபோர்டு மேல் போட்டிருந்த துணியைத் தூக்கிப் பார்க்கிறார். தபலா பெட்டிக்குள் கையை விடுகிறார்.

"ஏனுங்க, பொய் சொல்லாதீங்க. புள்ள வாயத்தானுங்க அசைக்குது. பொட்டிய எங்கீங்க ஒளிச்சு வெச்சிருக்கறீங்க?"

"நல்லாத் தேடுங்கய்யா" என்று ஜெயசீலன் அண்ணன் எழுந்து வழிவிட்டார். பெரியவர் என் முகத்துக்கு நேராக வந்து நின்றார். "பாடு கண்ணு" என்றார். நான் மைக் இல்லாமல் இரண்டு வரி பாடினேன். அவர் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, எங்கள் எல்லாருக்கும் தோப்பிலிருந்து இளநீர் வெட்டிவரச் சொன்னார்.

திரும்பும்போது வேனில் அண்ணன் தபலாக்காரரின் முதுகில் அடித்தார். "ஏலே, பாத்தியா? இதுக்கு மேல எவன் சர்டிபிகேட்டு குடுக்கணும்?"

ஞாயிற்றுக்கிழமை ஒலிப்பதிவு

பம்பாய்க்கு அனுப்ப எந்தப் பாட்டு என்று பேச்சு வந்தபோது நான் கேட்டேன். "சொந்தமா ஒண்ணு பாடலாமாண்ணே?"

"சொந்தமாப் பாடுனா நீ சரியாப் பாடுனியா தப்பாப் பாடுனியான்னு கேக்குறவனுக்கு எப்பிடித் தெரியும்? ஒப்பிட்டுப் பாக்க ஒண்ணு வேணும்ல?"

இதில் என்ன தப்பு? இன்றைக்கும் கேட்கிறேன். எங்கள் ஊரில் திறமையை அளக்க இருந்த கோல் அதுதான். கேசட் அனுப்பு என்று எழுதிய மகாராசன்கள், சினிமாப் பாட்டு வேண்டாம், சொந்தப் பாட்டு என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். அவர்கள் ஊரில் அது எல்லாருக்கும் தெரியுமாம். எங்களுக்கு யார் சொன்னது?

இருப்பதிலேயே கஷ்டமான ஒரு சினிமாப் பாட்டை எடுத்தோம். ஒரு வாரம் எங்கள் வீட்டு முன்னறையில் பயிற்சி. ஒரு வரி கேசட், ஒரு வரி நான். சாயங்காலமெல்லாம் வீடு அதே பாட்டில் கிடந்தது.

பதிவு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்ததும் அண்ணன் கீபோர்டிலும் தபலாக்காரர் தபலாவிலும் உட்கார, டேப் ரெக்கார்டரை ஓடவிட்டுத் தொடங்கினோம். மற்ற நாளில் முடியாது, பக்கத்து வீட்டுப் பூட்டுப் பட்டறையில் அரம் போடுகிற சத்தம் பல்லைக் கூச வைக்கும். கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்தோம். மின்விசிறியை நிறுத்தினோம். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது.

அப்பா வெளியே நாற்காலி போட்டுச் சந்தின் வாயை மறித்து உட்கார்ந்துகொண்டார். விளையாட வந்த பிள்ளைகளை விரட்டினார். பழைய இரும்புக்காரரைக் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தினார்.

"உள்ள ரெக்கார்டிங் நடக்குது. செத்த நேரம் கழிச்சு வாப்பா."

அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. கதவுக்கு உள்ளே எனக்குக் கேட்டது.

கேசட்டோடு அனுப்பும் கடிதத்தை நான் ஆங்கிலத்தில் எழுதினேன். அப்பா சிவப்புப் பேனாவால் திருத்தினார். நான் திருப்பி எழுதினேன், மறுபடி திருத்தினார். "இதில் உள்ள குரல் என்னுடையது" என்ற வாக்கியத்தை அவர்தான் சேர்த்தார். உறையை நானே ஒட்டினேன். நானே தலைமைத் தபால் நிலையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். வேறு ஒரு கை அதில் படவில்லை.

அந்த வரிகள்

மே மாதத்து மத்தியானத்துக்கு வருகிறேன். அந்த இதழைக் காதர் பாய் புதிதாகவே வாங்கி வைத்திருந்து கொடுத்தார். நான் பிரிக்கவில்லை. அப்பா கையில் கொடுத்தேன். அவர் வாசித்துச் சொல்லட்டும் என்று இருந்தது.

எழுதியிருந்தது இது. "தெற்கே ஒரு சின்ன ஊரிலிருந்து ஒரு பெண் கேசட் அனுப்பியிருக்கிறார். குரல் தன்னுடையது என்கிறார். எங்கள் அலுவலகத்தில் தமிழ் தெரிந்த நண்பர் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிட்டார். கடையில் விற்கும் சினிமா கேசட்டை மோசமாகப் பதிவு செய்து அனுப்பியிருக்கிறார்கள். அன்பு வாசகர்களே, எங்கள் நேரத்தை வீணாக்காதீர்கள். உங்கள் குரலை அனுப்புங்கள்."

அப்பா தாளை மடித்தார்.

"ஜெயசீலன் கேசட்ட மாத்திக் குடுத்துட்டானா?"

"இல்லப்பா. நாந்தான் ஒட்டுனேன். நாந்தான் போட்டேன்."

"அப்ப ரெக்கார்டு பண்ணும்போதே அவன் கேசட்ட ஓட விட்டிருக்கான்."

"நான் பாடுனேன்ப்பா. நீங்க வாசல்ல உக்காந்து கேட்டீங்கல்ல?"

"கேட்டேன். ஒரு வாரமாக் கேட்டேன். ஒரு வரி அது, ஒரு வரி நீ. கதவச் சாத்திக்கிட்டா எது அது, எது நீன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பட்டறையில் அரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு மேலே நான் பாடத் தொடங்கினேன். நின்ற இடத்திலேயே முழுப் பாட்டையும் பாடினேன். அதே மூச்சு, அதே சறுக்கல். பக்கத்தில் அரம் நின்றது. அடுப்படியிலிருந்து அம்மா ஈரக் கையோடு வந்து நிலைப்படியில் நின்றாள். அப்பா கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் கண்ணைத் திறந்தார்.

"நல்லாத்தான் பாடுறே. அதுல ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

"இப்ப நம்புறீங்களா?"

அவர் மடித்த பத்திரிகையைத் தட்டினார். "பம்பாய்க்காரனுக்கு உன்னைய முன்னப் பின்னத் தெரியுமா? உம் மேல விரோதமா? அவன் எதுக்கும்மா இல்லாதத எழுதப் போறான்?"

"நான் எதுக்குப்பா பொய் சொல்லப் போறேன்?"

அவர் பத்திரிகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். யோசித்தார். யோசித்தார் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

சாயங்காலம் ஜெயசீலன் அண்ணன் வந்தார். பத்திரிகையில் இருந்ததை நான் அழுதுகொண்டே தமிழில் சொன்னேன். அவர் துள்ளிக் குதித்தார்.

"ஒரிஜினலுன்னே நெனச்சுட்டானா? ஏத்தா, ஜெயிச்சுட்டோம்ல!"

அடுத்த நோட்டீஸில் 'பம்பாயையே ஏமாற்றிய குரல்' என்று என் பெயருக்கு மேலே போட்டார். அந்த நோட்டீஸைக் கிழித்து அவர் முகத்தில் எறிந்தேன். அதுதான் எங்கள் கடைசிப் பேச்சு.

பம்பாய்க்கு மறுப்பு எழுதினேன். பதில் வரவில்லை. சில வருடத்தில் அந்தப் பத்திரிகையே நின்றுபோனது. நான் மெழுகுவர்த்தி ஏற்றவில்லை.

டீச்சர்

பள்ளிக்கூடம் திறந்தது. நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போனேன். பிறகு வேலை, பிறகு கல்யாணம். இரண்டாயிரத்துக்குப் பிறகு டிவியில் பாட்டுப் போட்டி வந்தது. நடுவர்கள் பிள்ளைகளைப் பார்த்து, அப்படியே ஒரிஜினல் மாதிரி பாடினாய் என்று எழுந்து நின்று கைதட்டினார்கள். எழுந்து போய் டிவியை அணைத்தேன்.

வீட்டில் நான் பாடவில்லை. அப்பா படுக்கையில் விழுந்த பிறகு ஒரு நாள் கேட்டார். "ஒரு பாட்டு பாடேன் ஸ்டெல்லா."

ரேடியோவைப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். எது அது, எது நான் என்று அவருக்குத்தான் தெரியாதே. இரக்கமில்லாதவள் என்று கடிதம் எழுதப் போகிறீர்கள். எழுதுங்கள்.

அவர் இறந்தபோது மழைக்காலம். நாளிதழில் மரண அறிவிப்புக் கொடுக்க நான்தான் போனேன். விளம்பரம் வாங்கும் பையன் என்னிடம் படித்தவன். அப்பாவின் படத்தை வாங்கி வைத்துக்கொண்டு, நான் சொல்லச் சொல்ல எழுதினான். அப்பா பெயர், ஊர், வேலை பார்த்த பள்ளிக்கூடம், அடக்கத் திருப்பலி நேரம்.

"கீழ உங்க பேரு வரும் டீச்சர். பேருக்குப் பக்கத்துல என்ன போட?"

வெளியே டவுன் பஸ் ஒன்று ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போனது.

"ஆசிரியைன்னு போடு."

எழுதி முடித்துத் தாளை என் பக்கம் திருப்பினான். "ஒரு தடவ நல்லாப் பாத்துக்கங்க டீச்சர். அச்சுல வந்துட்டா அப்புறம் மாத்த முடியாது."

"தெரியும்" என்றேன்.